கால்சட்டைப் பையில் இரண்டு ஸ்பேனர்

லிஃப்டுக்குள் நான் ஒருநாளும் மாட்டிக்கொண்டதில்லை. இத்தனை வருஷ வேலையில் நான் எப்போதும் கதவுக்கு வெளியே நிற்கிறவன். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் தட்டுவார்கள், கத்துவார்கள், என் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார்கள். மேலே மோட்டார் அறையில் என் கூட்டாளி பிரேக்கைத் தளர்த்திக் கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருப்பான். நான் கதவிடுக்கில் வாயை வைத்து, "அஞ்சு நிமிஷம்! அஞ்சே நிமிஷம்!" என்று தொண்டை கிழியக் கத்துவேன்.

எந்த லிஃப்டும் அஞ்சு நிமிஷத்தில் திறந்ததில்லை. அது எனக்கும் தெரியும், கூட்டாளிக்கும் தெரியும். ஆனால் அரை மணி நேரம் என்று உண்மையைச் சொன்னால் உள்ளே இருக்கிறவர் கதவைப் பிய்க்க ஆரம்பித்துவிடுவார். அஞ்சு நிமிஷம் என்றால் யாரும் பொறுத்துக்கொள்வார்கள். அது எங்கள் தொழிலில் எண்ணெய், கிரீஸ் மாதிரி ஒரு சாமான்.

ஒரே ஒரு ஆள்தான் அதை வாங்கிக்கொள்ளவில்லை. ஒரு டீச்சர். கரண்டு போய், இரண்டு மாடிக்கு நடுவே, கும்மிருட்டில் நின்றுபோன பெட்டி. நான் மூன்றாம் தடவை அஞ்சு நிமிஷம் என்றதும் உள்ளேயிருந்து சொன்னார்: "அந்த அஞ்சு நிமிஷத்த விடுங்க. நீங்க இருக்கீங்களா, போயிட்டீங்களா? அத மட்டும் சொல்லுங்க."

"இருக்கேம்மா."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "இருக்கீங்களா?"

"இருக்கேன்."

கதவு திறக்கிற வரைக்கும் எங்களுக்குள் அவ்வளவுதான் பேச்சு. வெளியே வந்தவர் ஒரு நன்றி சொல்லிவிட்டு, வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று படியிறங்கிப் போய்விட்டார். அன்றைக்கு வீட்டில் இதை ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னேன். என் மனைவி சிரிக்கவில்லை. "எங்கிட்டயும் போன்ல அதே அஞ்சு நிமிஷம்தான சொல்றீங்க. நானும் லிஃப்டுக்குள்ளதான் இருக்கேன் போல," என்றாள். அவள் நாக்கு அப்படி.

பல வருஷம் கழித்து என் குரல் கரகரத்தது. சளி என்றேன். மாசக்கணக்கில் என்ன சளி என்று அவள் என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். குழாய் விட்டுப் பார்த்தார்கள், கிள்ளி எடுத்துச் சோதித்தார்கள். குரல்வளையில் ஒரு புற்றுக்கட்டி, கழுத்தோரம் நெறிக்கட்டியில் இன்னொன்று. கல்யாணமான நாளிலிருந்து என்னைக் கழுத்தறுப்பு என்று சொல்லிவந்தவள், டாக்டரம்மா எதிரில் என் கையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறக்கவே இல்லை.

டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. "கத்தி வைக்க வேண்டாம். கதிர் சிகிச்சை குடுத்தா குணமாக நல்ல வாய்ப்பு இருக்கு, குரலும் மிஞ்சும். ஆனா ஏழு வாரம், சனி ஞாயிறு தவிர தினமும் வரணும். நடுவுல நிறுத்தக் கூடாது. நிறுத்தினா கட்டிக்கு மூச்சு விட நேரம் குடுத்த மாதிரி."

"வலிக்குமாங்க?"

"கதிர் படும்போது ஒண்ணுமே தெரியாது, எக்ஸ்ரே மாதிரிதான். பின்னாடிதான் கஷ்டம். மூணாவது வாரத்துல இருந்து தொண்டை புண்ணாகும், வாய் காயும், ருசி போயிடும், கழுத்துத் தோல் வெயில்ல வெந்த மாதிரி ஆகும். ரொம்ப அசதியா இருக்கும். சிகிச்சை முடிஞ்ச உடனே சரியாகிடும்னு நினைக்காதீங்க. முடிஞ்சு ரெண்டு வாரம் இன்னும் மோசமாத்தான் இருக்கும், அப்புறம்தான் மெல்ல இறங்கும். எடை மட்டும் குறையவே கூடாது."

இந்த அம்மா அஞ்சு நிமிஷம் சொல்கிற ஜாதியில்லை என்று அப்போதே தெரிந்தது. எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம்.

சிகிச்சைக்கு முன்னால் முகமூடி செய்தார்கள். வெந்நீரில் நனைத்து இளகவைத்த ஒரு பிளாஸ்டிக் தகடு, உடம்பெல்லாம் துளை. அதை என் முகத்தில் போட்டு, நெற்றியிலிருந்து தோள்வரை அழுத்தி, ஆறும்வரை பிடித்துக்கொண்டார்கள். ஆறினால் கல். என் மூக்கு, என் தாடை, என் முகம் அப்படியே அதில் இறங்கியிருந்தது. ஓரத்தில் கொக்கிகள். படுக்கைப் பலகையில் அவற்றை மாட்டினால் தலை இம்மியும் அசையாது. தொழிலாளியின் கண்ணோடு பார்த்தால் அருமையான வேலை. இடைவெளியே இல்லாத பொருத்தம். அதற்குள் இருக்கப்போகிறவன் நான் என்பதுதான் அதில் ஒரே குறை.

மெஷினை ஓட்டுகிற டெக்னீஷியன் சின்ன வயசுக்காரர், எப்போதும் புன்னகை. என்ன வேலை என்று விசாரித்த நாளிலிருந்து என்னை "லிஃப்ட் சார்" என்றுதான் கூப்பிட்டார். முதல் நாள் கொக்கிகளை ஒவ்வொன்றாக மாட்டினார். டக், டக், டக். கடைசி டக்கோடு என் வாய் மூடிக்கொண்டது. முழுங்கலாம், மூச்சு விடலாம், வேறெதுவும் முடியாது. கண் திறந்தால் இமைமுடி பிளாஸ்டிக்கில் உரசியது.

"லிஃப்ட் சார், ரொம்ப முடியலன்னா கையத் தூக்குங்க. கேமராவுல பாத்துட்டே இருப்பேன், உடனே நிறுத்திட்டு வந்துடுவேன். சரியா?"

அவர் போனார். அந்த அறையின் கதவு சாதாரணக் கதவு இல்லை. ஈயம் அடைத்த, ஒரு கை அகலக் கதவு. பார்க்க முடியாவிட்டாலும் அது மூடுவதைக் காதாலேயே அளந்தேன். மெல்ல நகர்ந்து, கடைசியில் ஒரு பெருமூச்சு, பிறகு பூட்டு. என் வாழ்நாளில் எத்தனை கதவுகளை நெம்பித் திறந்திருக்கிறேன். இதற்கு நெம்புகோல் நுழைகிற இடுக்கே கிடையாது.

மேலே ஸ்பீக்கர் கரகரத்தது. "சார், ஒண்ணும் பயப்படாதீங்க. அஞ்சு நிமிஷம்தான்."

எனக்கு உடம்பெல்லாம் குப்பென்று வியர்த்தது. அந்த வார்த்தையைத் தயாரிக்கிறவனே நான். அதற்குள் என்ன இருக்கிறது, எவ்வளவு காற்று, எவ்வளவு தண்ணீர் என்று எனக்குத்தான் தெரியும். மெஷினின் கை என் தலையைச் சுற்றி உறுமிக்கொண்டு போனது, நின்றது, மறுபடி வந்தது. இதயம் காதுக்குள் அடித்தது. கை தானாகத் தூக்கப் பார்த்தது. தூக்கினால் நாளையிலிருந்து வரமாட்டேன் என்று எனக்குத் தெரியும். அதனால் பலகையின் ஓரத்தைக் குரங்குப் பிடியாகப் பிடித்துக்கொண்டேன். வெளியே வந்தபோது முகத்தில் கட்டம் கட்டமாக வலையின் தடம். மனைவி அதை விரலால் தொட்டுப் பார்த்து, "பூரா பில்டிங் பிளான் போட்டு அனுப்பிட்டாங்க," என்றாள்.

டாக்டரம்மா சொன்னதெல்லாம் சொன்ன வரிசையில் வந்தது. ஒன்றுகூட லீவு எடுக்கவில்லை. மூன்றாவது வாரம் பாலும் தண்ணீரும் ஒரே ருசி. பிறகு இரண்டுமே ஈயச் சட்டியை நக்குகிற ருசி. எச்சில் பசையாகித் தொண்டையில் நூல் கட்டியது. உப்பும் சோடாமாவும் கலந்த நீரில் வாய் கொப்பளிப்பதே முழுநேர வேலையாயிற்று. கழுத்து சிவந்து, கறுத்து, சட்டைக் காலர் பட்டால் உயிர் போனது. சவரக் கத்தி கூடாது, சோப்பு கூடாது, அவர்கள் கொடுத்த களிம்பு மட்டும். முட்டையை மசித்து, உருளைக்கிழங்கை மசித்து, எதைப் பார்த்தாலும் மசித்து அவள் கொண்டுவருவாள். ஒரு கரண்டி முழுங்க நான் முழு உடம்பையும் கூப்பிட வேண்டியிருந்தது. கண்ணில் நீர் வரும். அவள் பார்க்காத மாதிரி சன்னலைத் துடைப்பாள். எங்கள் வீட்டுச் சன்னல் அந்த மாதம் போல் என்றைக்கும் பளபளத்ததில்லை.

மச்சினன் பார்க்க வந்து வாசலிலேயே நின்றான். "மாமா உடம்புல இருந்து கதிர் வெளிய வருமாமே," என்றான்.

"வரும்," என்றாள் அவள். "வந்தா உனக்கு மூளை முளைச்சாலும் முளைக்கும், உள்ள வா." அப்புறம்தான் விளக்கினாள், மெஷின் நின்றால் கதிரும் நின்றுவிடும், இவர் பக்கத்தில் பச்சைக் குழந்தையைக்கூடப் படுக்கவைக்கலாம் என்று. அவன் உள்ளே வந்து உட்கார்ந்தான், ஆனால் டீ குடிக்கவில்லை. எனக்கு அவனைத் திட்டக் குரல் இல்லை. அதுவரை கரகரவென்றாவது வந்துகொண்டிருந்த குரல் அந்த வாரத்தோடு அடைத்துப்போயிற்று.

இதற்கு நடுவில்தான் ஒரு நல்ல காரியம் நடந்தது. நல்லது என்று நான் நினைத்தேன். சாப்பாடு இறங்காமல் உடம்பு வற்றியது, தாடைக்கும் முகமூடிக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி விழுந்தது. ஒருநாள் உள்ளே படுத்திருக்கும்போது தலையை லேசாகத் திருப்பிப் பார்த்தேன். திரும்பியது! சிறையில் ஒரு சன்னல் வைத்துக் கொடுத்த மாதிரி இருந்தது. அந்த ஒரு விரல் இடத்தில் நான் குடியிருந்தேன் என்றே சொல்லலாம். அது இருக்கிறது என்ற நினைப்பிலேயே மீதி நேரத்தைத் தள்ளிவிடுவேன்.

ஆனால் எடை குறைந்தால் புது முகமூடி செய்வார்கள். பக்கத்து நாற்காலியில் காத்திருந்தவருக்கு அப்படித்தான் செய்தார்கள். அவருக்கு மூக்கு வழியாகச் சாப்பாட்டுக் குழாயும் போட்டுவிட்டார்கள். மறுபடி அந்தக் கல் பொருத்தமா? யோசித்தேன். லிஃப்டுக்குப் பெட்டி ஒரு பக்கம் என்றால் எதிர் எடை இன்னொரு பக்கம். குறைகிற பக்கத்தில் சேர்த்தால் சமமாகிவிடும். வாரம் ஒருமுறை எடை பார்க்கிற நாளில், வேலைக்குப் போடுகிற பெரிய பை வைத்த கால்சட்டையைப் போட்டுக்கொண்டு, அதில் ஒரு ஸ்பேனரைப் போட்டேன். அடுத்த வாரம் அதன் அண்ணனையும் சேர்த்தேன்.

"சூப்பர் சார், எடை அப்படியே நிக்குது," என்றாள் நர்ஸ். எனக்கு உள்ளுக்குள் ஒரே கும்மாளம். உடை மாற்றும் அறையில் ஸ்பேனர்களைச் சட்டைக்கடியில் சுருட்டி வைத்துவிட்டு, கொழுப்பில்லாத யோக்கியனாகப் போய்ப் படுத்தேன். முகமூடி மாட்டும்போது கன்னத்தை உப்பிக்கொள்வேன். இறுக்கமாகத் தெரியும். டெக்னீஷியன் போனதும் காற்றை விட்டுவிடுவேன்.

கதிர் விடுவதற்கு முன்னால் மெஷின் ஒரு படம் எடுக்கும் என்பதை நான் சட்டை செய்யவில்லை. அன்றைக்கு அவர் போனார், கதவு மூடியது, படம் எடுத்தார், கதவு திறந்தது. வந்து என் தோளைச் சரிசெய்தார். மறுபடி போனார், மறுபடி வந்தார். மூன்றாம் தடவை கொக்கிகளைக் கழற்றிவிட்டார்.

"லிஃப்ட் சார், மாஸ்க் லூஸா இருக்கே. ஆனா எடை குறையலன்னு எழுதியிருக்காங்க. எனக்குப் புரியலையே."

நான் குரலில்லாதவன் என்ற வசதியில் கையை விரித்தேன். அப்போது வெளியே டணார் என்று ஒரு சத்தம், அதையடுத்து என் மனைவியின் "ஐயோ!" உள்ளே நேரமாகிறதே என்று என் துணியை எடுத்துவைக்கப் போயிருக்கிறாள். சட்டையைத் தூக்கினால் ஸ்பேனர் அவள் காலில் விழுந்திருக்கிறது.

நொண்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கைக்கு ஒன்றாக இரண்டு ஸ்பேனர். என்னைப் பார்த்தாள், ஸ்பேனரைப் பார்த்தாள், என் இடுப்பில் சுருக்கிக் கட்டியிருந்த பெல்ட்டைப் பார்த்தாள். இருபது வருஷமாக என்னோடு குடித்தனம் பண்ணியவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"எடை பாக்குற அன்னைக்கு மட்டும் இந்தக் கால்சட்டை," என்றாள். "வேல பழக்கம்னு நானும் நம்பினேன் பாருங்க."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் அழுதாள். டெக்னீஷியன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார். கோபமே இல்லை அவர் முகத்தில்.

"சார், நீங்க அசைஞ்சா கட்டிக்குப் போக வேண்டிய கதிர் பக்கத்துல நல்ல இடத்துல விழும். அங்க தண்டுவடம் இருக்கு. படம் எடுத்துப் பாக்குறதால இதுவரைக்கும் தப்பா எதுவும் போகல. ஆனா எங்களையும் ஏமாத்திட்டு நீங்க என்ன சார் பண்ணப் போறீங்க?"

எதிர் எடையில் பொய் எடை வைத்த லிஃப்டை நான் ஒரு மாடிகூட ஓடவிட மாட்டேன். பூட்டுப் போட்டு, சிவப்பு அட்டை தொங்கவிட்டு, வாட்ச்மேனிடம் சண்டை பிடித்துவிட்டுத்தான் வருவேன். என் கழுத்துக்கு மட்டும் அந்தச் சட்டத்தை நான் வைக்கவில்லை. வெட்கத்தில் தலை குனிந்தது. குனிய முடிந்ததே என்று அப்போதும் ஒரு சந்தோஷம் வந்தது, பாழாய்ப்போன மனசு.

அன்றைக்கே புதுசாக அச்செடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா ஸ்பேனர்களைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்து, "இதுல பாதி எடைய நிஜமாவே ஏத்துங்க, குழாயத் தள்ளிப் போடுறேன்," என்றார். கணக்கெல்லாம் திருத்திப் புது முகமூடியோடு கூப்பிட்டபோது, இன்னும் இரண்டு வாரம் பாக்கி.

இது முந்தியதைவிட மோசமாக இருந்தது. வற்றிப்போன முகத்தின் எலும்பிலேயே வார்த்தது. டக், டக், டக். என் சன்னலை அடைத்துவிட்டார்கள். எச்சில் நூல் தொண்டையில் நின்றது, முழுங்கினால் தீ, முழுங்காவிட்டால் மூச்சு முட்டல். கதவு பெருமூச்சு விட்டுப் பூட்டிக்கொண்டது. "அஞ்சு நிமிஷம்தான் சார்."

கையைத் தூக்கிவிட்டேன்.

உடனே வந்தார், கழற்றினார். நான் எழுந்து உட்கார்ந்து, செருப்பைத் தேடி மாட்டி, வாசலைப் பார்த்துக் கையைக் காட்டினேன். போதும். வீட்டுக்குப் போகிறேன். இருக்கிறவரை இருக்கிறேன். இதையெல்லாம் கையாலேயே சொன்னேன், அவருக்கும் புரிந்தது. அவள் ஓடி வந்தாள்.

"விட்டுடலாம்னு சொல்றாரு," என்றார் டெக்னீஷியன் மெதுவாக.

பாதியில் விட்டால் என்ன ஆகும் என்று டாக்டரம்மா சொன்னபோது என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் அவள்தான். என்னிடம் பேசாமல் அவர் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, நீங்க பேசுற மைக் எங்க இருக்கு?"

"ரூல்ஸ்படி அங்க யாரும் வரக்கூடாதும்மா."

"நான் எதையும் தொட மாட்டேன். பேச மட்டும்தான். இவரு அந்த அஞ்சு நிமிஷத்துக்கு அடங்க மாட்டாரு. அது இவரோட சரக்கு."

அவர் தலையாட்டினார். என்னைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. ஆனால் செருப்பை நானே கழற்றினேன். மறுபடி படுத்தேன். டக், டக், டக். கதவு. பூட்டு. இருட்டில்லாத அறையில் கண்ணை மூடி நானே இருட்டு பண்ணிக்கொண்டேன். பலகையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

ஸ்பீக்கர் கரகரத்தது.

"ஏங்க." ஒரு மூச்சு. "இருக்கேன்."

அந்த டீச்சர் கதையை நான் சொல்லி எவ்வளவோ வருஷம் ஆகிறது. நானே மறந்துபோனதை அவள் வைத்திருந்தாள்.

"எங்க போயிடப் போறேன், கதவுக்கு இந்தப் பக்கம்தான் இருக்கேன். தம்பி ஏதோ பட்டன அமுக்குறாரு. நீங்க பாட்டுக்குப் படுங்க." மெஷின் உறுமிக்கொண்டு சுற்றியது. "சமையலறைக் குழாய் சொட்டிட்டே இருக்குதுன்னு ஆள வரச் சொன்னேன். அஞ்சு நிமிஷத்துல வரேன்னான். நேத்து சொன்னது. உங்க தம்பியோ என்னமோ."

எனக்குச் சிரிப்பு வந்தது. முகம் சிரிக்க இடமில்லாமல் அது வயிற்றுக்குப் போய்விட்டது.

"லிஃப்ட் சார், வயிறு குலுங்குது. அசையாதீங்க," என்றது இன்னொரு குரல்.

"இனிமே சிரிக்க வைக்கல," என்றாள் அவள். மெஷின் நின்று, எதிர்ப்பக்கம் திரும்பியது. அவள் ஒன்றும் பேசவில்லை. என் மூச்சு ஏற ஆரம்பித்தது, காது அடைத்தது, விரல்கள் பலகையை விட்டு ஒவ்வொன்றாக எழுந்தன. "இருக்கேன்," என்றாள். விரல்கள் இறங்கின.

அப்படித்தான் போனது. எவ்வளவு நேரம் என்று அவளும் சொல்லவில்லை, நானும் எண்ணவில்லை. கண்ணிலிருந்து நீர் காதுக்குள் இறங்கியது, துடைக்க வழியில்லை. பயம் போகவில்லை. அது என்னோடு கூடவே படுத்திருந்தது. ஆனால் அதோடு நான் தனியாக இல்லை.

கதவு திறந்தது. கொக்கிகள் கழன்றன. வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள், அடிபட்ட காலை லேசாகத் தூக்கிக்கொண்டு.

"இருக்கீங்களா?" என்றாள்.

வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. அவள் காத்திருந்தாள். எச்சிலே இல்லாத வாயில் எதையோ முழுங்கி, வலியில் கண் இருண்டு, மறுபடி முயன்றேன். துருப்பிடித்த கீல் திரும்புகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"இருக்கேன்."

"அப்ப எந்திரிங்க," என்றாள். "அடுத்தவங்க காத்திட்டிருக்காங்க. நாளைக்கும் வரணும்."